வாடைக்கு எதிரே போன கப்பல்

கடற்கதைகளில் வரும் பேய்களோடு எனக்கு ஒருநாளும் பிணக்கு இருந்ததில்லை. பிழையான காற்றோடுதான் பிணக்கு. மூழ்கிப்போன மாலுமி ஏழாம் நாள் ஈரத் தலையோடு கப்பல் ஏணியில் ஏறி வரட்டும், நம்பி வாசிப்பேன். அதே கப்பல் ஆனி மாதத்தில் வாடைக்காற்றைப் பாயில் வாங்கிக்கொண்டு திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழைந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். ஆனியில் இங்கே வீசுவது தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று. வடகிழக்கிலிருந்து வாடை வர ஐப்பசி கழிய வேண்டும். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த மாலுமி என்ன ஆனான் என்ற கவலையில் மறுபடி திறப்பேன்.

நான் வரைபடம் வரைகிறவன். துறைமுகத்துக்குச் சற்று மேலே உள்ள ஓர் அலுவலகத்தில், காணி அளந்து வருகிறவர்களின் குறிப்புகளைக் கோடுகளாக்கும் வேலை. இருபத்தாறு ஆண்டுகளாக அதே மேசை. என் யன்னலில் துறைமுகத்தின் ஒரு துண்டு மட்டும் தெரியும். நங்கூரமிட்ட கப்பல் ஒன்றின் முன்பாதியோ பின்பாதியோ அதில் அகப்படும், முழுக் கப்பல் அகப்படாது. மதியச் சாப்பாட்டை இருபது நிமிடத்தில் முடித்து, மிச்ச நாற்பது நிமிடமும் வாசிப்பேன். நூலகத்தில் சரித்திரக் கதைகள் இருக்கும் வரிசையில், கடல் வருகிற புத்தகங்கள் எல்லாவற்றையும் இரண்டு தரமாவது எடுத்திருக்கிறேன். பாய்க்கப்பல், பீரங்கி, மிளகு மூட்டை, தானாக அடிக்கும் மணி, சொந்தக்காரன் இறந்த பிறகும் அவனுடைய ஊரையே காட்டிக்கொண்டிருக்கும் திசைகாட்டி. இவையெல்லாம் ஒரே புத்தகத்தில் இருந்தால் அந்த வாரம் எனக்கு நல்ல வாரம்.

வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு ட்ரேசிங் தாள் இருக்கும். கப்பல் போகிற வழியை அதில் பென்சிலால் கீறிக்கொண்டே போவேன். பேய் வருகிற இடத்தில் சின்ன வட்டம். சில புத்தகங்களில் அந்த வட்டம் நடுக்காட்டில் வந்து விழும். எழுதியவர் நாட்களை எண்ணவில்லை என்று தெரிந்துவிடும். பேயை நம்புகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். கணக்குச் சரியாக இருந்தால்தான் எனக்குப் பயம் வரும். தண்ணீர்ப் பீப்பா எத்தனை நாளைக்குக் காணும், அரிசியில் எத்தனையாம் கிழமை வண்டு விழும் என்று சரியாகச் சொன்ன ஒருவர், பிறகு மெதுவாக, "அன்று கப்பலில் ஒருவர் கூடுதலாக இருந்தார்" என்று எழுதினால், அவர் அதையும் எண்ணித்தான் எழுதியிருப்பார் என்று தோன்றும். அந்த இடத்தில் முதுகு குளிரும். அதற்காகத்தான் வாசிக்கிறேன்.

இந்தப் பழக்கத்தில் எனக்குக் கூட்டு என் தங்கை. சின்ன வயதில் பாலையூற்று வீட்டில் இரவல் புத்தகம் ஒன்றுக்கு வாசகர் இரண்டு பேர். அவள் பேய் வருகிற பக்கத்தை முதலில் தேடி வாசித்துவிட்டு முன்னால் வருவாள். நான் முதல் வரியிலிருந்து நாள் எண்ணிக்கொண்டு போவேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பழித்துக்கொண்டுதான் வளர்ந்தோம். அவள் கலியாணம் செய்து ஈச்சிலம்பற்றுக்குப் போனாள். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். அவளுடைய கணவருக்கு வளைகுடா நாட்டில் ஒரு துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார்.

போன தீபாவளிக்கு வந்தபோது அவள் ஒரு பையிலிருந்து ஆறு கொப்பிகளை எடுத்து என் மேசையில் வைத்தாள். தடித்த மட்டை போட்ட, கோடு போட்ட கொப்பிகள். தானே ஒரு கடற்கதை எழுதுவதாகச் சொன்னாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓர் அத்தியாயத்தைத் தொலைபேசியில் வாசித்துக் கணவருக்குக் குரல் செய்தியாக அனுப்புகிறாளாம். ஏழாவது கொப்பி தொடங்கு முன் நான் ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.

கதை ஒல்லாந்தர் காலத்தில் நடக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து துணியும் அரிசியும் ஏற்றிய பாய்க்கப்பல் ஒன்று கொட்டியாரக்குடாவுக்குள் வந்து நங்கூரமிடுகிறது. கப்பலில் காய்ச்சல். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறந்துபோகிறார்கள், கடைசியாகக் கப்பலை நடத்தி வந்த தண்டையலும். கரையில் இருப்பவர்கள் பயத்தில் கிட்டப் போவதில்லை. கப்பல் அப்படியே நிற்கிறது. ஒரு மார்கழி நாள், வாடை முழு வேகத்தில் குடாவுக்குள் வீசிக்கொண்டிருக்கும்போது, சுருட்டிய பாய் சுருட்டியபடி இருக்க, பட்டப்பகலில், உச்சி நேரத்தில், அந்தக் கப்பல் காற்றுக்கு நேரெதிரே நகர்ந்து பெருங்கடலை நோக்கிப் போகிறது. கரையில் பன் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் அதைப் பார்க்கிறாள். ஆறாவது கொப்பி அங்கே முடிகிறது.

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் சிவப்புப் பேனையோடு.

எங்கள் அலுவலகத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் சிவப்பால் திருத்தாமல் அது வெளியே போகாது. பிழையை வட்டமிட்டு, ஓரத்தில் இலக்கமிட்டு, சரியானதை எழுதுவார்கள். சரியாக இருக்கும் இடத்தில் ஒன்றும் எழுத மாட்டார்கள். சிவப்பு இல்லாத தாள் என்றால் யாரும் பார்க்காத தாள் என்று பொருள். புதிதாக வந்த காலத்தில் என் முதல் வரைபடம் சிவப்பாகத் திரும்பி வந்தபோது, என்னையும் ஓர் ஆளாக மதித்துப் பார்த்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டவன் நான். அதே மதிப்பைத் தங்கைக்கும் கொடுத்தேன். ஆறு கொப்பியிலும் சேர்த்து அறுபத்திரண்டு திருத்தங்கள். பத்தொன்பதாவது, நாகப்பட்டினத்தில் புறப்படும்போது நங்கூரத்தைத் தூக்க ஆறு பேர் என்று அவள் எழுதியிருந்தது. அந்த அளவுக் கப்பலுக்கு எட்டுப் பேர் வேண்டும் என்று மாற்றினேன். கடைசித் திருத்தம், கப்பல் நகர்கிற பக்கத்தில்: "சாத்தியமில்லை. பேய் சுக்கான் பிடிக்கலாம். ஆனால் பாய் இல்லாத மரக்கலம் வாடைக்கு எதிரே போக ஏலாது." அடியில் அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடும் போட்டேன். கொப்பிகளைக் கடதாசியில் சுற்றித் தபாலில் அனுப்பினேன்.

மூன்று கிழமை கழித்து மச்சானின், தங்கையின் கணவரின், அழைப்பு வந்தது. அவர் எடுப்பது அபூர்வம்.

"மச்சான், இழுவைப் படகால நாங்கள் மறிச்சாலும் கப்பல் லேசில நிக்காது. நீங்கள் சிவப்புப் பேனையால நிப்பாட்டிப்போட்டீங்களே," என்றார்.

விளங்கவில்லை என்றேன். அவர் இருக்கும் அறையில் அவரோடு சேர்த்து எட்டுப் பேராம். வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசியை நடுவில் வைத்து எல்லோரும் கதை கேட்பார்களாம். ஒருவர் கிண்ணியாக்காரர், அவர்தான் சமையல், அந்த நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஏலக்காய் போட்ட தேத்தண்ணீரோடு வந்து உட்காருவாராம். ஒருவர் மலையாளி. பாதி விளங்கும், மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கரைச்சல் கொடுப்பாராம். மூன்று வெள்ளியாக ஒன்றும் வரவில்லை.

"கடல் தெரியாதவள் கடலை எழுதினதே பிழை எண்டு சொல்றா. கொப்பி எல்லாம் அலுமாரிக்கு மேல போட்டிட்டா. இப்ப எடுத்தா, சாப்பிட்டீங்களோ எண்டு கேக்கிறா, நான் ஓம் எண்டிறன். பிறகு ரெண்டு பேருக்கும் கதைக்க ஒண்டும் இல்லை. இந்தக் கதை தொடங்க முந்தியும் இப்பிடித்தான் இருந்தனாங்கள் மச்சான். நான் மறந்துபோனன்."

அந்தக் கடைசி வார்த்தைகளை அன்றே நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். பிறகு குசினிக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நல்லாயிருக்கெண்டு ஒரு இடத்திலயாவது எழுதினீங்களோ?"

நன்றாக இருந்த இடங்களில் நான் ஒன்றும் எழுதவில்லை, அதுதான் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று விளக்கினேன். அவள் மறுபடி தேங்காய் துருவத் தொடங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை காலை மூதூருக்குப் போகும் படகில் ஏறினேன். மூதூரிலிருந்து பஸ் பிடித்தால் ஈச்சிலம்பற்று. சட்டைப் பையில் சிவப்புப் பேனையும், பொலித்தீன் உறைக்குள் நாட்குறிப்பும். போய் என்ன சொல்வது என்று முடிவு செய்திருக்கவில்லை. காற்றைப் பற்றி நான் எழுதியது சரி என்ற எண்ணம் அப்போதும் மாறவில்லை. சொன்ன விதத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம், சொன்னதற்குக் கேட்க ஏலாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாளாக மழை. மலைநாட்டில் பெய்ததெல்லாம் மகாவலி கங்கையால் இறங்கி கொட்டியாரக்குடாவுக்குள் வந்துகொண்டிருந்தது. துறைமுகத்தைத் தாண்டிக் குடாவுக்குள் நுழைந்ததும் நீரின் நிறம் மாறியது. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் தேத்தண்ணீர், நடுவில் நுரைக்கோடு. வாடை முகத்தில் அடித்தது. படகின் கூரைத் துணி தென்மேற்குப் பக்கமாகப் படபடத்தது.

அப்போது ஒரு மரம் வந்தது. முழு மரம், வேரோடு. கிளைகள் சில மேலே நிற்க, அடிப்பாகம் நீருக்குள். அது படகுக்குக் குறுக்கே, ஆற்று வாய்ப் பக்கத்திலிருந்து பெருங்கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காற்றுக்கு நேரெதிரே. கிளையில் மிச்சமிருந்த இலைகள் எல்லாம் பின்பக்கம் பறக்க, மரம் முன்னால் போனது. அதில் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது.

படகோட்டி மூதூர் ஆள், என் வயதிருக்கும். படகின் வேகத்தைக் குறைத்து மரத்துக்கு வழி விட்டார். அது எப்படிக் காற்றுக்கு எதிரே போகிறது என்று கேட்டேன்.

"கங்கை பெருகினா அப்புடித்தான் சேர். காத்து மேல இருக்கிறதத்தான் தள்ளும். இதுக்கு முக்கால்வாசி தண்ணிக்குள்ள. தண்ணி வெளிய போகுது, இதுவும் போகுது. சின்ன வள்ளமெண்டா காத்தோட கரைக்கு வரும். பாரமான சாமான் வெளியதான்."

"ஒரு பழைய பாய்க்கப்பல் எண்டா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்குப் பாய் விரிச்சிருக்கா, சுருட்டியா?"

"சுருட்டி."

"அப்ப போகும்," என்றார். கப்பல் யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

நான் நாட்குறிப்பை எடுத்து நேரத்தையும் காற்றையும் மரம் போன திசையையும் குறித்தேன். படகு ஆடிக்கொண்டிருந்தது. பிறகு பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும் முதல் வரி காற்றுத்தான். வீட்டில் இருபத்திரண்டு நாட்குறிப்புகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் அப்படியே. நீர் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நாள்கூட எழுதியதில்லை. என் யன்னலில் தெரியும் துண்டில் நீர் அசையாமல் கிடக்கும்.

தங்கை முற்றத்தில் ஆட்டைக் கொட்டிலுக்குள் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரிக்கவில்லை.

"என்ன அண்ணா, இன்னும் ரெண்டு பிழை இருந்ததே? தபாலில விட்டா வந்திருக்குமே."

உள்ளே கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணீர் தந்தாள். நான் நனைந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நேரம், திசை, கொக்கு எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றாள். அவளிடம் படிக்க வரும் பிள்ளைகள் ஆறு பெருகும் காலத்தில் கடற்கரைக்குப் போய், எந்த மரம் முதலில் வெளியே போகும் என்று பந்தயம் பிடிப்பார்களாம். கப்பலை நகர்த்தும் யோசனையே அதைப் பார்த்துத்தான் வந்ததாம்.

"தெரிஞ்சால் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அடிமட்டம் வச்சுக் கீறியிருந்தீங்கள் அண்ணா. நேரான கோடு. அதைப் பாத்தவுடன எனக்கே சந்தேகம் வந்திட்டுது. இவ்வளவு நாளும் கண்ணால கண்டதையும் நான் பிழையாத்தான் கண்டனானோ எண்டு."

வேறு வழி தெரியாமல் உறையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். என் நாட்குறிப்பை அதுவரை யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. கார்த்திகை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேடி எடுத்து, உரக்க வாசித்தேன்.

"காற்று வாடை, மிதம். கடல் அமைதி. காலை ஒன்பதுக்குத் தங்கையின் ஆறாம் கொப்பியை எடுத்தேன். பத்தரைக்குச் சந்தைக்குப் போக வேண்டும். போகவில்லை. கப்பல் நகர்கிற பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று தெரியவில்லை."

"யன்னலைச் சாத்தினீங்களோ?"

"ஓம்."

"எத்தினை மணிக்கு?"

பக்கத்தைப் பார்த்தேன். "பன்னிரண்டு பத்து."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "பட்டப்பகலில, பட்டணத்து நடுவில, அம்பத்தொரு வயது ஆம்பிளை," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து கொப்பிகளை எடுத்தாள். கடதாசிச் சுற்றைப் பிரித்து, மறுபடி கட்டி வைத்திருக்கிறாள். ஆறாவதை விரித்து, என் கோட்டுக்குக் கீழே, இது என் பிழை என்று சிவப்பால் எழுதி, கையொப்பமும் வைத்தேன். அலுவலகத்தில் திருத்தியவரே தவறினால் அப்படித்தான் செய்ய வேண்டும்.

கையொப்பம் காய முன் எனக்கு ஒரு வருத்தம் வந்தது. வாய்விட்டுச் சொன்னேன். வெள்ளம்தான் கப்பலைக் கொண்டுபோனது என்றால் அதில் பேய் எங்கே? பயம் போய்விட்டதே.

அவள் முந்திய கொப்பி ஒன்றை விரித்துப் பத்தொன்பதாம் திருத்தத்தில் விரலை வைத்தாள்.

"கப்பல் நங்கூரம் போட்டெல்லோ நிண்டது. வெள்ளம் எவ்வளவு இழுத்தாலும் நங்கூரம் கிடக்கக் கப்பல் போகாது. அதைத் தூக்க எட்டுப் பேர் வேணுமெண்டு நீங்கள்தான் திருத்தினீங்கள். சொல்லுங்கோ பாப்பம், அந்த எட்டுப் பேரும் ஆர்?"

நான் எழுதிய எட்டைப் பார்த்தேன். அறுபத்திரண்டு இடத்தில் நின்று நின்று வாசித்த எனக்கு அந்தக் கேள்வி வரவேயில்லை. வெளியே பின்னேரம் மூன்று மணி, நல்ல வெளிச்சம், ஆடு கத்துகிறது. ஆனாலும் முதுகு குளிர்ந்தது. பாலையூற்று வீட்டில் பேய்ப் பக்கத்தை முதலில் வாசித்துவிட்டு என்னைப் பார்த்திருக்கும் அதே முகத்தோடு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை வரட்டும்."

நான் புறப்பட முன், என் பேனையையும் நாட்குறிப்பையும் வாங்கி, நான் வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமையில் "கடல் அமைதி" என்பதை வட்டமிட்டாள். ஓரத்தில் ஒன்று என்று இலக்கமிட்டு எழுதினாள்: "அன்று வெருகல் ஆறு பெருகி எங்கள் றோட்டை மூடியிருந்தது. தண்ணி எந்தப் பக்கம் போனது?" அடிமட்டம் இல்லாமல், கோணலாக ஒரு கோடும் போட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மச்சான் குரல் செய்தியை எனக்கும் அனுப்பியிருந்தார். மனைவியும் நானும் குசினியில் இருந்து கேட்டோம். தங்கையின் குரலுக்குப் பின்னால் மழை. பன் அறுத்த பெண் கப்பலின் மேல்தட்டில் எட்டு உருவங்களைக் காண்கிறாள். நங்கூரக் கயிற்றைச் சுற்றி நின்று இழுக்கிறார்கள். ஒருவரிடமிருந்து ஏலக்காய் வாசம் கரை வரை வருகிறது. ஒருவர் இழுப்பதை விட்டுவிட்டு, என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் நிற்பவரை ஓயாமல் கேட்கிறார். முன்னால் நிற்பவர் மட்டும் கரையைத் திரும்பிப் பார்த்து, போய்வருகிறேன் என்பதுபோல் கையைத் தூக்குகிறார்.

கேட்டு முடியவும் மச்சானின் அழைப்பு வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"மச்சான், மலையாளத்தான் கேக்கிறான், தான் செத்தே போனனோ எண்டு. கிண்ணியாக்காரர் சொல்றார், செத்தா என்ன, கப்பல் வெளிக்கிட்டுதெல்லோ எண்டு. நான் அவவுக்கு எடுத்தனான், ஒரு மணித்தியாலம் கதைச்சனாங்கள். சாப்பிட்டனோ எண்டு கேக்க மறந்துபோனா."

அன்றைய நாட்குறிப்பில் முதல் வரி வழக்கம்போல் காற்று. வாடை, மிதம். அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு கீறி, "நீர்" என்று தலைப்பிட்டேன். அதை நிரப்ப, குடையை எடுத்துக்கொண்டு இறங்குதுறை வரை நடந்து போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. கரையோரமாக ஒரு தேங்காய் மட்டை மிதந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் நின்று பார்த்தேன். மெதுவாகத்தான் போனது, ஆனால் வெளியே போனது.